தெரிந்தவர் சீட்டு

அலுவலகத்தில் அவருக்குச் சீட்டு ஐயா என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் ஏதோ சீட்டாடுகிற ஆசாமி என்று நினைத்துக்கொள்வார்கள். மின்விசிறி பழுதுபார்க்க வந்த ஒருவர் ஏணியிலிருந்து குனிந்து, "மத்தியானம் எத்தனை மணிக்கு சார் ஆட்டம்? நானும் ஒரு கை சேந்துக்கலாமா?" என்று ரகசியமாகக் கேட்டே விட்டார். பிரிவு முழுவதும் சிரித்தது. ஐயா மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெரியாதவர் என்பதல்ல. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பிடிபட அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகும். பிடிபடுவதற்குள் மற்றவர்கள் சிரித்து முடித்து வேலைக்குத் திரும்பியிருப்பார்கள்.

அது உள்ளங்கை அகலத்தில் வெட்டிய மஞ்சள் காகிதம். அதில் அவருடைய சாய்ந்த கையெழுத்தில் 'தெரிந்தவர்' என்று ஒரே ஒரு சொல். மேசையின் இடது இழுப்பறையில் ஐம்பது அறுபது சீட்டுகளை முன்கூட்டியே எழுதி, ரப்பர் வளையம் போட்டு வைத்திருப்பார்.

வீட்டு வாரியத்தில் மாற்று ஒதுக்கீட்டுப் பிரிவின் கண்காணிப்பாளர் அவர். வாரியம் கட்டிய நான்கு மாடிக் குடியிருப்புகள் எதிலும் லிஃப்ட் கிடையாது. மூட்டு தேய்ந்தோ இதயம் தளர்ந்தோ படி ஏற முடியாமல் போனவர்கள் மருத்துவச் சான்றோடு மனு கொடுத்தால், தரைத்தள வீடு காலியாகும்போது வரிசைப்படி மாற்றிக் கொடுப்பார்கள். மனு கொடுத்த அன்றே ஓர் எண் தருவார்கள். எண் வரும்போது ஐயா கோப்பைப் பார்த்து ஆணையில் கையெழுத்துப் போடுவார். மனுதாரர் அவருக்குத் தெரிந்தவராக இருந்தால் மட்டும் போடமாட்டார். மனு வந்த உடனே மஞ்சள் சீட்டைக் குத்தி, அடுத்த மேசைக்கு அனுப்பிவிடுவார்; எண் வரும்போது ஆணை போடுவது அங்கே இருப்பவரின் பொறுப்பு. அதன்பிறகு அந்தக் கோப்பு இருக்கிற திசைக்கே முகம் திருப்பமாட்டார். எங்கே இருக்கிறது, என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார். கேட்டால் அது சிபாரிசு.

இந்த வழக்கம் சும்மா வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூடப் படித்தவன் ஒருவனின் அப்பாவுக்கு முறைப்படி எண் வந்து, இவரும் முறைப்படி கையெழுத்துப் போட்டார். மறுவாரமே மொட்டைக் கடிதம். மூன்று மாதம் விசாரணை நடந்து, கடைசியில் 'குற்றமில்லை' என்று ஒரு தாள் வந்தது. ஆனால் அந்த மூன்று மாதமும் இவர் தேநீர் குடிக்கப் போனால் அங்கே நடந்துகொண்டிருந்த பேச்சு சட்டென்று நிற்கும். தாள் வந்து முப்பது வருடம் ஆகியும் அந்த நிசப்தம் அவர் காதை விட்டுப் போகவில்லை.

போகப் போகச் சீட்டுக்குப் பெருமை சேர்ந்தது. புதிதாக வேலையில் சேருகிறவர்களுக்கு நடக்கும் பயிற்சி வகுப்பில் வருடா வருடம் அவரை அரைமணி நேரம் பேசச் சொன்னார்கள். அவருக்குப் பேச வராது. சீட்டை உயர்த்திப் பிடித்து, "இதுதான்" என்பார். கைதட்டுவார்கள்.

தெருவில்தான் சங்கடம். ஐயாவைத் தெரிந்திருப்பது ஆகாது என்று எப்படியோ பரவிவிட்டது. தெருமுனையில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவருக்கு மூன்றாம் மாடியில் வீடு. அவர் தன் அம்மாவுக்காக மனு கொடுக்கப் போகும் முதல் நாள், ஐயாவின் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு சொன்னார்:

"சார், நாளையிலேருந்து உங்களை எனக்குத் தெரியாது. மனசுல வெச்சுக்காதீங்க. முடி வெட்ட வேற கடை பாத்துக்குங்க."

"ஏன்ப்பா?"

"உங்களுக்குத் தெரிஞ்சவங்க ஃபைலெல்லாம் ஊர்கோலம் போயிட்டுத்தான் வருதாமே. எங்கம்மா உங்களுக்கு எந்தப் பாவமும் பண்ணலை சார்."

ஐயா அதை வேடிக்கை என்று எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தார். அங்கே சிரிப்பும் இருந்தது, இல்லாமலும் இருந்தது. மறுநாள் மனு வந்தது, எண் 58. ஐயா மனசாட்சிப்படி மஞ்சள் சீட்டைக் குத்தி அடுத்த மேசைக்கு அனுப்பினார்.

அதற்கு நான்கு மாதம் முன்பே அவருடைய அக்காவின் மனு வந்திருந்தது. எண் 41.

அக்கா இருந்தது நாலாவது மாடி. எழுபத்திரண்டு படி. புருஷன் போய்ப் பல வருடம் ஆயிற்று. மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் மகள் மட்டும் துணை. இதயம் பெருத்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு அக்கா படி இறங்குவது குறைந்தது. மனு கொடுத்த ஆறாவது மாதத்தோடு நின்றே போயிற்று. ஜன்னலிலிருந்து கயிற்றில் ஒரு கூடையைக் கீழே விட்டுக் காய்கறி வாங்கிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐயா கீழே நின்று கூடையில் பழமும் நாளிதழும் போட்டுவிட்டு, பிறகு மூச்சு வாங்க மேலே ஏறுவார்.

"என்னைவிட இந்தக் கூடை குடுத்துவெச்சதுடா" என்பாள் அக்கா. "நாளைக்கு ரெண்டு தடவை கீழே போயிட்டு வருது."

ஒருநாள் அவளாகவே கேட்டாள். "என் மனு என்னடா ஆச்சு?"

"அது என் மேசையில இல்லக்கா. அடுத்த மேசையில."

"அடுத்த மேசைன்னா எத்தனை மைல்?"

"வரிசைப்படி வரும்."

"உங்க ஆபீஸ்காரங்க கெட்டிக்காரங்கடா. எப்படியும் மேலே போகப்போறவதானேன்னு முன்கூட்டியே பாதி தூரம் ஏத்தி விட்டுட்டீங்க" என்றாள். பிறகு, "நீ ஒண்ணும் கேக்க வேண்டாம். என்னால உன் பேரு கெட வேண்டாம்" என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை ஐயா பல மாதம் பத்திரமாக வைத்திருந்தார், அனுமதிச் சீட்டு போல.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கூடை பாதிவழியில் நின்றது. கயிறு ஜன்னல் கம்பியில் சுற்றியிருந்ததால் விழவில்லை. இரண்டாம் மாடி உயரத்தில், தக்காளியோடு, காற்றில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே காய்காரப் பெண், "அக்கா, இழுங்க! அக்கா!" என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

படி திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. அக்காவின் உடலைக் கெட்டியான போர்வையில் வைத்து நான்கு பேர் நான்கு முனையைப் பிடித்து இறக்கினார்கள். ஒரு முனை ஐயாவுடையது. இன்னொரு முனையைப் பிடித்தவர், செய்தி கேட்டு அலுவலகத்திலிருந்து ஐயாவோடு ஓடிவந்த அடுத்த மேசைக்காரர். கோப்பைக் கண்ணாடி வழியாகவும் ஆளைக் கண்ணாடிக்கு மேலாகவும் பார்க்கிற பாதிக் கண்ணாடி போட்டிருப்பதால் அவரை எல்லோரும் அரைக்கண்ணாடி என்பார்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் அவர் நின்றுவிட்டார். கண்ணாடி நனைந்து வழி தெரியவில்லை என்றார். இந்த மனுஷனுக்கு நம் அக்காமேல் இவ்வளவு பாசமா என்று அந்தத் துக்கத்திலும் ஐயாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு புகார் அவருடைய மேசைக்கே வந்தது. அக்கா மகள் வாரிய இயக்குநருக்கு எழுதியது. 'என் தாயின் எண் 41. உங்கள் அறிவிப்புப் பலகையில் 63 வரை வீடு ஒதுக்கப்பட்டிருக்கிறது. இருபத்தொரு பேர் எப்படி முந்தினார்கள்?' ஓரத்தில் இயக்குநர் அம்மாவின் குறிப்பு: 'பிரிவு பதினைந்து நாளில் பதில் வரைவு தரவும்.'

ஐயா எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்ப் பலகையைப் பார்த்தார். தினமும் இரண்டு முறை கடந்து போகிற பலகை. 40 இருந்தது. 42 இருந்தது. இடையில் 41 இல்லை. 42-க்கு ஆணை போட்டது அவரே. அக்கா மனு கொடுத்த ஐந்தாம் மாதம், அவள் இன்னும் தட்டுத்தடுமாறி இறங்கிக்கொண்டிருந்த காலம். 58-ம் இல்லை. இது வரைக்கும் கண்ணில் படாதது எப்படி? படாமல் பார்த்துக்கொண்டாரா? அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இயக்குநர் அம்மா தொலைபேசியில் பேசினார். "சங்கடமான விஷயம்தான். நீங்க எழுத வேண்டாம். உங்க முறைப்படி சீட்டு குத்தி அடுத்த மேசைக்கு அனுப்பிடுங்க. 'தகுந்த வீடு காலியாகவில்லை'ன்னு ரெண்டு வரி. உங்க பேரும் கெடாது."

ஐயாவின் கை தன்னிச்சையாக இடது இழுப்பறையைத் திறந்தது. ஒரு சீட்டை எடுத்துப் புகாரின்மேல் வைத்தது. தெரிந்தவர். முறைப்படி சரி. அக்கா மகள்மேல் வந்திருக்கும் கோபத்தையோ அக்காமேல் இருக்கும் பாசத்தையோ தள்ளிவைத்து, வேறொருவர் பதில் எழுதுவதுதான் நியாயம். ஆனால் அந்த வேறொருவர் எழுதப்போவது பொய். பொய்யை அனுப்புகிற நேர்மையை எந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்? அவர்தானே வகுப்பு எடுத்தவர். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. கட்டியதும் தன் கைதானோ என்று இருந்தது.

குத்தாமல், சீட்டையும் புகாரையும் எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். எட்டு அடி. இந்தப் பிரிவுக்கு வந்த பதினைந்து வருடத்தில் சீட்டுக் கோப்பு பற்றிப் பேச அவர் அங்கே போனது அதுவே முதல்முறை. அரைக்கண்ணாடி அவர் கையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"இந்த இருபத்தொண்ணு..." என்று ஆரம்பித்தார் ஐயா.

"சார், உக்காருங்க. நானே சொல்றேன். தூக்கமில்லை சார் எனக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சீட்டு குத்திக் குடுத்தா நான் என்னன்னு எடுத்துக்கறது? 'இது வெடி, பாத்துத் தொடு'ன்னுதானே? நம்பர் வந்த உடனே நான் கையெழுத்துப் போட்டா, சாருக்காகப் போட்டான்னு நாளைக்கே மொட்டைக் கடுதாசி வரும். உங்களுக்கு வந்த மாதிரி. அதனால, நாலு பேரு போகட்டும், அப்புறம் போடலாம்னு..."

"நாலு பேரா?"

"ஒருத்தர் போனா அடுத்தவர். எப்போ போட்டாலும் இப்போ போட்டா தப்பாயிடுமோன்னு தோணுது சார்."

"எல்லாச் சீட்டுக்குமா?"

அரைக்கண்ணாடி ஆமாம் என்று தலையாட்டினார்.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார் ஐயா.

"சீட்டு குத்தின ஃபைலைப் பத்தி உங்ககிட்ட பேசக்கூடாதே சார். அதுதானே சீட்டு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்களும் கேக்கலை. அக்கா விஷயமாச்சே, அவசரம்னா கேப்பாரேன்னு பாத்தேன். கேக்காததால அவசரமில்லைன்னு நெனச்சுட்டேன்."

இந்த மனிதரிடம் கோபப்பட வேண்டும் என்று ஐயாவுக்குத் தோன்றியது. எங்கே பிடித்துக் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. காசுக்கு ஆசைப்பட்டவர் இல்லை. வேலை தெரியாதவர் இல்லை. மூன்று மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவர். ஐயாவின் பேரைக் காப்பாற்றுவதாக நினைத்து ஐயாவின் அக்காவை மாடியிலேயே வைத்திருந்தவர்.

அன்றும் மறுநாளும் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். பதினைந்து வருடத்தில் நாற்பத்து மூன்று சீட்டுகள். மற்றவர்களுக்கு ஐந்து மாதத்தில் நடந்தது இவர்களுக்குப் பத்து, பதினொன்று, பதினான்கு மாதம். அவருக்குச் சட்டை தைத்தவர், அவர் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஓட்டுநர். குறிப்புப் பத்தியில் மூன்று இடத்தில் 'மனுதாரர் காலமானார், கோப்பு முடிக்கப்பட்டது' என்று இருந்தது. நான்காவதாக அக்கா. அவரைத் தெரியாதவர்கள் எல்லோரும் நேரத்துக்குக் கீழே இறங்கியிருந்தார்கள்.

சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனார். கூடை ஜன்னலோரம் கவிழ்த்து வைத்திருந்தது. அக்கா மகள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

"புகார் வந்துதா மாமா?"

"வந்துதும்மா."

"உங்ககிட்டயேவா வந்துது? நல்ல ஆபீஸ். திருடு போச்சுன்னா திருடன்கிட்டயே கேப்பீங்க போல." சொன்ன பிறகு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உங்களைச் சொல்லலை."

"சொல்லலாம்."

"மாமா, நான் சலுகை கேக்கலை. அம்மாவும் கேக்கலை. ஒரே ஒரு தடவை எங்க இருக்குன்னு நீங்க கேட்டிருக்கலாம். தெருவுல போற யாரோ ஒருத்தர் வந்து கேட்டா பதில் சொல்வீங்கதானே?"

"சொல்லணும். அது அவங்க உரிமை."

"அப்போ அம்மாவுக்கு மட்டும் ஏன் இல்லை?"

"நான் கேட்டா அது சிபாரிசும்மா."

"கேக்கறதும் சிபாரிசும் ஒண்ணா?"

ஐயா முப்பது வருடமாக ஒன்றுதான் என்று வாழ்ந்தவர். இல்லை என்றால் அந்த முப்பது வருடம் என்ன? ஆமாம் என்றால் இந்த ஜன்னலோரக் கூடை என்ன?

"தெரியலை கண்ணு" என்றார்.

"அம்மா கீழ் வீட்டுல இருந்திருந்தா பொழைச்சிருப்பாங்களான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். அவரும் இதையேதான் சொன்னார். சொல்ல முடியாதுன்னு." அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "உங்க பேரு கெட வேண்டாம்னு அம்மா சொன்னது நெஜமா, குத்திக்காட்டினதா மாமா?"

அதுவும் அவருக்குத் தெரியவில்லை. அக்காவின் வேடிக்கை எப்போதும் வீட்டுக்குப் போன பிறகுதான் அவருக்குப் பிடிபடும். இதற்கு இன்னும் வீடு வந்து சேரவில்லை.

திங்கட்கிழமை காலை அவர் இயக்குநருக்குக் குறிப்பு எழுதினார். 'புகாரில் சொல்லியிருப்பது உண்மை. இறந்தவர் என் அக்கா. தெரிந்தவர் என்று நான் சீட்டு குத்தியதால் கோப்பு அடுத்த மேசையில் நின்றது. பிறகு நான் விசாரிக்கவில்லை. இதேபோல் நின்ற நாற்பத்து மூன்று கோப்புகளின் பட்டியல் இணைப்பில் உள்ளது. இதற்குப் பதில் எழுதும் தகுதி இந்தப் பிரிவில் யாருக்கும் இல்லை. வெளியார் ஒருவர் விசாரிக்க வேண்டும்.'

அனுப்புவதற்கு முன் அதை அரைக்கண்ணாடியிடம் காட்டினார். காட்டுவது சரியா என்பதிலும் குழப்பம்தான். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி இரண்டு முறை படித்தார்.

"என் பேரு இல்லையே சார்."

"அடுத்த மேசைன்னு போட்டிருக்கேன்."

"அந்த மேசையில வேற யாரு சார் உக்காந்திருந்தது, நாற்காலியா?" பேனாவை வாங்கி, 'அடுத்த மேசை' என்பதற்குமேல் தன் பெயரைத் தானே எழுதினார். "மூணு மாசத்துல என்ன பண்ணிடப்போறாங்க? பண்ணினாலும் பண்ணட்டும். அந்தத் திருப்பத்துல நின்னேனே சார், அதைவிடவா?"

குறிப்பு போய்ச் சேர்ந்த பிறகு ஐயா எட்டு அடி நடந்து மறுபடி அந்த மேசைக்கு வந்தார். பிரிவில் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"ஐம்பத்தெட்டு எங்க இருக்கு?"

பிரிவே தலைதூக்கியது. தட்டச்சுச் சத்தம் நின்றது. முப்பது வருடத்துக்கு முந்தைய அதே நிசப்தம். அரைக்கண்ணாடி இழுப்பறையிலிருந்து முடிதிருத்துபவரின் அம்மா கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். ஐயா பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் எழுதினார்: 'இக்கோப்பு எங்கே உள்ளது என்று இன்று நான் கேட்டேன். மனுதாரரின் மகன் எனக்குத் தெரிந்தவர்.' கீழே கையெழுத்தும் தேதியும் போட்டார். கோப்பிலிருந்த மஞ்சள் சீட்டை அவர் எடுக்கவில்லை. எடுக்க வேண்டுமா, இருக்க வேண்டுமா என்று தெரியாததால் அப்படியே விட்டார்.

அன்று காலியாக இருந்தது ஒரே ஒரு தரைத்தள வீடு. 58 பல மாதம் முன்பே பெற்றிருக்க வேண்டியது. வரிசைப்படி அது 58-க்குத்தான். அரைக்கண்ணாடி ஆணையில் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் பலகையைப் பார்த்துவிட்டு 64 ஏற்கெனவே வந்து தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். இரண்டு பக்கமும் ஊன்றுகோல். ஐயா அவளை அதற்குமுன் பார்த்ததே இல்லை. வேறு யாரையாவது அனுப்பிச் சொல்லியிருக்கலாம். அவரே போனார்.

"அம்மா, இந்த வீடு உங்களுக்கு இல்லை. உங்களுக்கு முன்னாடி ஒரு எண் விட்டுப்போயிருக்கு. அவங்களுக்குப் போகுது. அடுத்தது காலியானா உங்களுக்கு."

"அடுத்தது எப்போ?"

"சொல்ல முடியலைம்மா. ஒரு மாசம் ஆகலாம்."

அவள் ஊன்றுகோலைச் சேர்த்துப் பிடித்தாள். "போன வாரம் வரைக்கும் அறுபத்து மூணுக்கு அப்புறம் அறுபத்து நாலுன்னுதானே சார் இருந்துது. திடீர்னு ஐம்பத்தெட்டு எங்கேருந்து குதிச்சுது?" அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

ஐயாவுக்கு இந்த முறை பிடிபட நேரமாகவில்லை. காதில் அந்த நிசப்தம் ஏறியது.

"ஆமாம்மா" என்றார். "தெரிஞ்சவங்கதான்."

அவள் வாயைத் திறந்தாள். அவர் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த பதிவேட்டை மடியில் விரித்தார். 41-லிருந்து ஆரம்பிப்பதா 58-லிருந்து ஆரம்பிப்பதா என்று ஒரு கணம் விரல் தடுமாறியது.

"எத்தனை மாடிம்மா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"ரெண்டு" என்றாள் அவள், இன்னும் அவரை நம்பாமல்.